எச்சரிக்கை ஒலியும் பொறுப்பும்: கோவில்பட்டிக் கரிசல் வட்டாரத்தில் பொய் எச்சரிக்கைகளை முறைப்படுத்துதல்

ஆய்வுச் சுருக்கம்

கோவில்பட்டியையும் அதைச் சூழ்ந்த கரிசல் வட்டாரத்தையும் களமாகக் கொண்டு, திருட்டுத் தடுப்பு அலாரங்கள் எழுப்பும் பொய் எச்சரிக்கைகளுக்கு நடைமுறைச் சட்டத்தில் என்ன இடம் உள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பழைய ஊர்க்காவல் முறையில் எச்சரிப்பவருக்கும் இழப்பை ஈடுசெய்பவருக்கும் இடையே இருந்த தொடர்பு, இன்றைய கருவிவழிக் காவலில் அறுபட்டுள்ளது. அறிந்து சொல்லும் பொய்யையும் அளவு மீறும் ஒலியையும் சட்டம் கவனிக்கிறது; யாரும் எண்ணாமலேயே கருவி எழுப்பும் பொய் எச்சரிக்கை இவ்விரண்டுக்கும் நடுவே நழுவிவிடுகிறது. இந்த இடைவெளியை நகராட்சியும் காவல் நிலையமும் இணைந்தே நிரப்ப இயலும் என்பது கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: கரிசல், ஊர்க்காவல், தலையாரி, அலாரம், பொய் எச்சரிக்கை, ஒலி மாசு விதிகள், நகராட்சி.

முன்னுரை

நகைக்கடை, அடகுக்கடை, கூட்டுறவு வங்கி, ஏ.டி.எம். அறை ஆகியவற்றில் மட்டும் இருந்த அலாரம், இன்று கோவில்பட்டி போன்ற நடுத்தர நகரங்களின் வீடுகளுக்கும் வந்துவிட்டது. வெளிநாட்டிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள், ஊரில் தனித்திருக்கும் பெற்றோரின் வீட்டிலோ பூட்டிக் கிடக்கும் வீட்டிலோ அதைப் பொருத்துகின்றனர். கதவு அசைந்தால் சைரன் அலறும். கைப்பேசிக்குச் செய்தி போகும். அந்த ஒலியைக் கேட்டு யார் வரவேண்டும், வந்து பார்த்து ஒன்றுமில்லை என்றால் அந்த வீண் அலைச்சல் யாருடைய கணக்கில் சேரும் என்பவை விற்பவர் தரும் உத்தரவாத அட்டையில் இடம்பெறுவதில்லை. அரசின் விதிகளிலும் இவற்றுக்கு நேரான விடை கிடைப்பதில்லை.

இதைச் சிறு தொல்லை என்று ஒதுக்கிவிட இயலாது. 'புலி வருது, புலி வருது' என்ற கதை அறியாத தமிழ்ச் சிறுவர் இல்லை. பலமுறை வீணாக ஒலித்த வீட்டில் உண்மையான திருட்டு நடக்கும்போது, அடுத்த வீட்டார் சன்னலைச் சாத்திக்கொண்டு உறங்கிவிடுவர். இரவுச் சுற்றில் இருக்கும் காவலர் வீணான அழைப்புக்காக நகரின் ஒரு கோடிக்குச் சென்றிருந்தால், மறுகோடியில் நிகழும் விபத்துக்குத் தாமதமாகவே போய்ச்சேர்வார்.

கரிசல் வட்டாரத்தின் காவல் மரபு

எச்சரிக்கை ஒலி தமிழ் வாழ்வுக்குப் புதியதன்று. தினைப்புனம் காக்கும் மகளிர் கிளி ஓட்டப் பயன்படுத்திய தழல், தட்டை, குளிர் ஆகிய ஒலிக்கருவிகளைக் குறிஞ்சிப்பாட்டு குறிப்பிடுகிறது. நள்ளிரவில் மதுரைத் தெருக்களைச் சுற்றிவந்த ஊர்க்காவலரை மதுரைக்காஞ்சி காட்டுகிறது. கருவியை இயக்குபவரும் காவலுக்குப் பொறுப்பானவரும் இவற்றில் ஒருவரே. புனத்தில் தட்டையை ஒலிப்பவளே கிளி வந்ததைக் கண்டவள்.

கோவில்பட்டி, எட்டயபுரம், ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் பகுதிகள் பாளையங்களின் நிலம். இங்குக் காவல் இரு அடுக்காக இருந்ததைக் கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றிலும், பேட் தொகுத்த 1917-ஆம் ஆண்டு மாவட்ட விவரச்சுவடியிலும் காணலாம். ஒரு பரப்பு முழுவதற்கும் பாளையக்காரர் ஏற்ற காவல் தேசகாவல். ஒரு கிராமத்துக்கு அவ்வூர்க் காவல்காரர் ஏற்றது தலக்காவல். காவலுக்கு ஈடாக விளைச்சலில் ஒரு பங்கோ பணமோ கிடைத்தது. களவு போனால் காவல்காரர் பொருளை மீட்டுத் தரவேண்டும். இயலாவிட்டால் இழப்பை ஈடுகட்ட வேண்டும். கூலி, எச்சரிக்கை, இழப்பீடு ஆகிய மூன்றும் ஒரே கையில் இருந்தன என்பதே இம்முறையின் அடிப்படை.

இதைப் பொற்காலமாகக் கற்பனை செய்துகொள்வது தவறாகும். காவல் கூலி தர மறுத்த ஊரில் ஆடுமாடு காணாமற்போவதும், மீட்டுத்தரத் துப்புக்கூலி கேட்கப்படுவதும் நடந்தன. ஆபத்தை அறிவிக்க வேண்டியவரே ஆபத்தை உண்டாக்கிப் பணம் பெறும் நிலை அது. பொய் எச்சரிக்கை இலாபமாக மாறக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இவ்வட்டாரத்தில் தேட வேண்டியதில்லை. இதே காரணத்தைச் சொல்லியே கும்பினி ஆட்சி காவல் உரிமைகளைக் கைப்பற்றியது என்றாலும், அதன் நோக்கம் குடிகளின் பாதுகாப்பு மட்டுமாக இருக்கவில்லை. கட்டபொம்மன் 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும், 1801-இல் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்ததும், பாளையங்களின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டதும் அதே கைப்பற்றலின் பகுதிகள். காவல் தொழிலில் இருந்த சமூகங்களைப் பின்னாளில் முழுமையாகவே குற்றப் பரம்பரையினர் என்று பதிவு செய்ய 1911-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது; சென்னை மாகாணத்தில் அது 1947-இல்தான் நீக்கப்பட்டது. காவல் முறையின் சீர்கேட்டைப் பற்றிய ஆட்சியாளர் பதிவுகளை இப்பின்னணியோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

1816-ஆம் ஆண்டின் 11-ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் ஊர்த் தலைவரையும் தலையாரியையும் கிராமக் காவலின் அலுவலராக்கியது. 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டம் சம்பளம் பெறும் மாகாணக் காவல்துறையை உருவாக்கியது. தமிழ்நாட்டில் 1980 நவம்பரில் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. இன்று தலையாரி என்ற பெயர் பேச்சில் வழங்கினாலும், அவ்விடத்தில் இருக்கும் கிராம உதவியாளர் வருவாய்த்துறையின் பணியாளர். களவுக்கு ஈடுகட்டும் பொறுப்பு இந்த மாற்றங்களில் எங்கோ மறைந்தது. அதை எந்த அலுவலரும் ஏற்கவில்லை.

தெருவாசிகளிடம் மாதந்தோறும் சிறுதொகை பெற்று, இரவில் தடியைத் தட்டி விசில் ஊதிச் செல்லும் கூர்க்காவைத் தலக்காவலின் மெலிந்த எச்சமாகக் கருதலாம். அவருக்குக் கூலி உண்டு. ஈடுகட்டும் கடமை இல்லை. ஆயினும் அவர் மனிதர் என்பதால், நாய் குரைப்பதற்கும் பூட்டு உடைபடுவதற்கும் வேறுபாடு அறிவார்.

பொய் எச்சரிக்கை பிறக்கும் விதம்

கருவி அந்த வேறுபாட்டை அறியாது. வீடுகளில் பொருத்தப்படும் அலாரங்களில் பெரும்பாலும் இரண்டு வகை உணரிகள் உள்ளன. ஒன்று கதவிலும் நிலையிலும் எதிரெதிரே வைக்கப்படும் காந்தத் தொடர்பி. இரண்டுக்கும் இடையேயான தொலைவு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கதவு திறந்ததாக அது கொள்ளும். மற்றொன்று அகச்சிவப்பு உணரி. சுற்றுப்புறத்திலிருந்து வேறுபட்ட வெப்பமுடைய உடல் நகர்வதை அது கண்டறியும். இரண்டுமே கரிசல் மண்ணிலும் கரிசல் வெயிலிலும் தடுமாறும் இயல்புடையவை.

கரிசல் மண்ணில் நீரை உறிஞ்சி வீங்கும் களிமண் கனிமம் மிகுதி. ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பும் நிலம், கோடையில் பாளம் பாளமாக வெடித்துச் சுருங்குகிறது. ஆழமான அடித்தளம் இல்லாத வீட்டின் சுவர் இதனோடு சேர்ந்து ஏறி இறங்கும். மழையில் இறுகிக்கொள்ளும் கதவு பங்குனியில் தொளதொளப்பதை இவ்வட்டாரத்தார் அனைவரும் அறிவர். தச்சரை அழைத்து இழைத்துவிடுவது ஆண்டுதோறும் நடக்கும் செலவு. தை மாதத்தில் சரியாகப் பொருத்திய காந்தத் தொடர்பி, வைகாசியில் எல்லை விளிம்பில் நிற்கும். அப்போது ஒரு காற்றடித்தாலே போதும்.

காற்றுக்கும் குறைவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலை இடைவெளிகள் வழியாக வந்து இச்சமவெளியில் வீசுவதால்தான் கயத்தாற்றில் காற்றாலைகளும் மத்திய அரசின் காற்றாலை ஆராய்ச்சி நிலையமும் அமைந்தன. ஆனி முதல் ஆவணி வரை கடைகளின் ஷட்டர்கள் இரவு முழுதும் அதிரும். அதிர்வு உணரி பொருத்திய கடையில் அந்த மாதங்களில் அலாரம் அடிக்கடி அலறுவதில் வியப்பில்லை. அகச்சிவப்பு உணரியின் சிக்கல் வேறு வகை. அதன் முகப்பில் ஊரும் பல்லியோ கூடு பின்னும் சிலந்தியோ பெரிய உருவமாகத் தோன்றும். அறையின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும் கோடையில் உண்மையான மனிதரையே அது தவறவிடலாம். அத்தவறுக்கு அஞ்சி உணர்திறனைக் கூட்டினால், பல்லிக்கும் அலறும் நிலை வரும். மின்னழுத்த ஏற்றத்தாழ்வு, வலுவிழந்த மின்கலம், உரிமையாளரே கடவு எண்ணைத் தவறாக அழுத்துவது ஆகியவை எல்லா ஊருக்கும் பொதுவான காரணங்கள்.

கருவியைச் செம்மைப்படுத்தினால் தீர்ந்துவிடும் என்று கருதுவது இயல்பு. ஆனால் இதில் ஒரு கணக்கு ஒளிந்துள்ளது. ஒரு நகர்ப்பகுதியில் 100 வீடுகளில் அலாரம் இருப்பதாகவும், ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரே ஒருமுறை மட்டும் தவறாக ஒலிப்பதாகவும், அந்த 100 வீடுகளில் ஆண்டுக்கு ஒரு திருட்டு முயற்சி நடப்பதாகவும் கொள்வோம். தனி வீட்டுக்காரருக்கு அது மிக நல்ல கருவி. காவல் நிலையத்துக்கு வரும் 101 அழைப்புகளிலோ 100 வீண். திருட்டு அரிதாக நடக்கும் ஊரில், கருவி எவ்வளவு நன்றாக இருந்தாலும் பொய் எச்சரிக்கையே மிகும். அமெரிக்க நீதித்துறைக்காக ரானா சாம்ப்சன் எழுதிய காவல்துறைக் கையேடு, அந்நாட்டில் காவலருக்கு வரும் திருட்டு அலார அழைப்புகளில் 94 முதல் 98 விழுக்காடு பொய் என்று மதிப்பிட்டிருப்பது இக்கணக்கோடு ஒத்துப்போகிறது.

இக்கணக்கில் தனியாருக்கு வரும் செலவும் பொதுவுக்கு வரும் செலவும் வெவ்வேறாக இருப்பதே முறைப்படுத்தலுக்கான காரணம். வீட்டுக்காரர் ஒருமுறை எழுந்து வந்து பொத்தானை அழுத்துகிறார். தெருவும் காவல் நிலையமும் நூறு முறை எழுகின்றன.

சட்டம் நிற்கும் இடம்

பொய்த் தகவலைத் தண்டிக்கும் சட்டம் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 217-ஆம் பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 182-ஆம் பிரிவுக்கு ஈடானது. பொது ஊழியருக்குப் பொய் என்று அறிந்தே தகவல் தந்து, அதனால் அவரைச் செய்யத் தகாததைச் செய்யவைப்பதை அது குற்றமாக்குகிறது. ஓராண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். 'அறிந்தே' என்ற சொல்லே இதன் உயிர். கதவு தளர்ந்ததால் ஒலித்த அலாரத்தில் அறிந்தவர் யாரும் இல்லை. தீயணைப்பு நிலையத்துக்கு விளையாட்டாகத் தொலைபேசி செய்பவரைச் சட்டம் பிடிக்கலாம். மாதம் நான்கு முறை தானாக அழைக்கும் பெட்டியைப் பிடிக்காது.

இரண்டாவது வழி ஒலி. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் எல்லை. வணிகப் பகுதியில் 65, 55. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. தனியார் இடத்திலிருந்து எழும் ஒலி அதன் எல்லையில் அப்பகுதிக்குரிய அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் மிகக்கூடாது. 1 மீட்டர் தொலைவில் 105 டெசிபல் எழுப்பும் சைரனைக் கருதினால், திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும்தோறும் 6 டெசிபல் குறையும் என்ற கணக்கில், 32 மீட்டரில் 75 டெசிபல் இருக்கும். 45-க்கு இறங்க ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆகும். சுவர்களும் மரங்களும் இதை வெகுவாகக் குறைக்கும் என்பது உண்மையே. எனினும் மறிப்பு இல்லாத கரிசல் வெளியில், ஊர் ஓரத்து வீட்டின் சைரன் பக்கத்து ஊருக்குக் கேட்பது கற்பனையன்று.

இவ்விதிகளின்படி, மூடிய அரங்குகள் அல்லாத இடங்களில் ஒலியெழுப்பும் கருவிகளை இரவில் பயன்படுத்துவதற்கான தடையிலிருந்து பொது அவசரநிலை விலக்குப் பெற்றுள்ளது. திருட்டு அலாரம் ஒலிப்பது பொது அவசரநிலையா? உண்மையான திருட்டு என்றால் அவ்வாறு வாதிட இடமுண்டு. பல்லி என்றால் இல்லை. ஒலி முடிந்த பிறகே அது எது என்று தெரியும் என்பதுதான் சிக்கல். ஒலி அளவு 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் மிகுந்தால் உரிய அதிகாரியிடம் முறையிடலாம். மாவட்ட ஆட்சியரோ, துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத, அதற்கென நியமிக்கப்பட்ட அலுவலரோ அவ்வதிகாரி. பொதுத் தொல்லைக்குச் சன்ஹிதாவின் 292-ஆம் பிரிவு 1,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. தொடர்ந்து தொல்லை தரும் பொருளை அகற்ற, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின்படி கோட்டாட்சியர் நிபந்தனை ஆணை பிறப்பிக்கலாம். ஒருவர் இரவு ஒலித்த அலாரத்துக்காக அடுத்த நாள் கோட்டாட்சியர் அலுவலகப் படியேறுவார் என்று எதிர்பார்ப்பது நடைமுறை அறிவன்று.

மூன்றாவதாகப் பாதுகாப்புத் தொழில் பற்றிய சட்டம். 2005-ஆம் ஆண்டுத் தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குபடுத்துதல்) சட்டம் ஆட்களைக் கொண்டு காவல் புரியும் நிறுவனங்களை மையமாகக் கொண்டது. உரிமம், காவலரின் தகுதி, பயிற்சி ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறது. பெட்டியை விற்றுப் பொருத்திவிட்டுப் போகும் மின்னணுக் கடை அதன் பார்வையில் படுவதில்லை. தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளுக்காக 2012-இல் வந்த, பொதுக் கட்டடங்களில் கண்காணிப்புக் கேமரா பொருத்துவது பற்றிய விதிகள் இவ்வாய்வுக்கு மிக நெருக்கமானவை. பாதுகாப்புக் கருவியை நகராட்சி வழியாக முறைப்படுத்தலாம் என்பதற்கு அவை முன்மாதிரி. ஆனால் அவை பார்க்கும் கருவியைப் பற்றியவை. கூவும் கருவியைப் பற்றியவை அல்ல. கேமரா தவறு செய்தால் யாரும் விழித்தெழ வேண்டியதில்லை.

பழைய தலக்காவலின் சாயல் எதிர்பாராத ஓரிடத்தில் திரும்பியிருக்கிறது. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்டு 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த பாதுகாப்புப் பெட்டக நெறிமுறைகளின்படி, தீ, திருட்டு, கொள்ளை, கட்டட இடிவு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் பெட்டகப் பொருள் இழக்கப்பட்டால், ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும். கூலி பெறுபவர் ஈடுகட்ட வேண்டும் என்ற விதி மீண்டும் எழுதப்பட்டுள்ளது. தன் அலாரம் ஒழுங்காக இயங்குகிறதா என்று கவனிக்க வங்கிக்கு இதனால் ஒரு காரணம் கிடைக்கிறது. தெருவில் உள்ள வீட்டு அலாரத்துக்கு அத்தகைய கட்டு எதுவும் இல்லை.

பிற நாட்டு நடைமுறைகளும் அவற்றின் எல்லையும்

அமெரிக்க நகரங்கள் பல அலாரத்துக்கு அனுமதிச் சீட்டு வழங்கி, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேற்பட்ட பொய் எச்சரிக்கைகளுக்கு ஏறுமுகமாகக் கட்டணம் விதிக்கின்றன. சால்ட் லேக் சிட்டி 2000-ஆம் ஆண்டின் இறுதியில் மேலும் ஒருபடி சென்றது: தனியார் காவலரோ நேரில் கண்டவரோ உறுதி செய்த பிறகே காவல்துறை வரும். இதை அப்படியே கோவில்பட்டிக்குக் கொண்டுவர முடியாததற்கு அரசியலமைப்பே காரணம். அங்கு நகரக் காவல்துறை நகராட்சியின் துறை. வீண் பயணத்தின் செலவு நகராட்சியின் பையிலிருந்தே போகிறது. இந்தியாவில் காவல் மாநிலப் பட்டியலில் உள்ளது. 74-ஆம் திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையின் 18 பொருள்களில் தீயணைப்புப் பணி உண்டு, காவல் இல்லை. கோவில்பட்டி நகராட்சி ஓர் அலாரத்துக்கு அபராதம் விதித்தாலும், அதனால் அலைந்தவர்கள் கிழக்கு, மேற்குக் காவல் நிலையங்களின் காவலர்களே.

இங்கிலாந்தின் வழி இதனினும் பொருத்தமானது. அங்குக் காவல்துறையின் நாடளாவிய கொள்கைப்படி, பதிவு எண் பெற்ற அலாரம் 12 மாதத்தில் மூன்று முறை பொய்யாக அழைத்தால், உடனடியாக வரும் சேவையை இழக்கும். உள்ளாட்சி மன்றமோ ஒலியை மட்டும் கவனிக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தூய சுற்றுப்புறச் சட்டம், ஒரு பகுதியை அலார அறிவிப்புப் பகுதியாக வரையறுக்க மன்றத்துக்கு அதிகாரம் தந்தது. அங்கு அலாரம் வைத்திருப்பவர் சாவி வைத்திருக்கும் ஒருவரை நியமித்து அவர் விவரத்தை மன்றத்திடம் தரவேண்டும். தொடர்ந்து 20 நிமிடங்களுக்கு மேல் ஒலித்து அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை தந்தால், அலுவலர் வந்து நிறுத்தலாம். இருவேறு அமைப்புகளின் பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தது இதன் சிறப்பு.

கோவில்பட்டிக்குப் பொருந்துவது

கட்டணத்தைவிடச் சாவி முக்கியம். பூட்டிய வீட்டின் அலாரம் நள்ளிரவில் அலறும்போது தெருவாருக்குத் தேவைப்படுவது, வந்து நிறுத்தக்கூடிய ஒருவர். உரிமையாளர் துபாயில் இருக்கலாம். அவர் கைப்பேசியில் செய்தி ஒளிரலாம். அதனால் சைரன் ஓயாது. ஆகவே சைரன் பொருத்தும் ஒவ்வொருவரும் ஊரிலேயே வசிக்கும் ஒருவரைச் சாவிப் பொறுப்பாளராகக் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது முதல் விதியாக இருத்தல் தகும். வெளியூர் செல்வோர் பூட்டிய வீட்டைப் பற்றிக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே தெரிவிக்குமாறு காவல்துறை பலகாலமாகக் கேட்டுவருகிறது. அந்தப் பதிவேட்டில் இன்னொரு பத்தி சேர்ப்பதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை.

சைரன் தானாக அடங்கும் நேரத்தை நகராட்சி வரையறுக்கலாம். வணிக நிறுவனங்களைப் பொறுத்தவரை, தொழில் உரிமம் புதுப்பிக்கும்போது பொருத்தியவரின் பராமரிப்புச் சான்றைக் கேட்பது எளிது. சான்றுக்குரிய பருவம் பற்றி மட்டும் மேலைநாட்டு மாதிரியைப் பின்பற்றுதல் ஆகாது. ஆண்டுக்கு ஒருமுறை எந்த மாதத்திலும் சோதிக்கலாம் என்ற ஏற்பாடு நிலையான மண்ணுக்கு உரியது. இங்குச் சித்திரை இறுதியில், நிலம் முற்றிலும் சுருங்கியபின், காற்றுக்காலம் தொடங்குமுன் கதவுத் தொடர்பிகளைச் சோதிக்க வேண்டும். மழைக்குப்பின் மார்கழியில் மற்றொருமுறை.

பொய் எச்சரிக்கைக்கு அபராதம் விதிப்பதில் தயக்கம் வேண்டும். தனியே வாழும் மூதாட்டி ஒருமுறை அபராதம் கட்டினால், அடுத்த நாளே இணைப்பைப் பிடுங்கிவிடுவார். உண்மையான ஆபத்தில் அவருக்கு ஒலியே இராது. மூன்றாவது பொய் எச்சரிக்கைக்குப் பின் அபராதத்துக்கு மாற்றாகப் பழுது நீக்கிய சான்று கேட்பதும், அதுவரை வெளிச் சைரனைத் துண்டித்து உள்ளொலியை மட்டும் அனுமதிப்பதும் பொருத்தமாகும். வணிக நிறுவனங்களுக்கு இந்தச் சலுகை தேவையில்லை. தொடர்ந்து பொய்யாக அழைக்கும் கடையிடம் கட்டணம் கேட்பதில் அநீதி ஏதுமில்லை. தீ எச்சரிக்கையை இவ்விதிகளில் சேர்க்கவே கூடாது. தீப்பெட்டித் தொழில் நடக்கும் ஊரில், அபராதத்துக்கு அஞ்சி ஒரு தொழிற்கூடம் தன் தீ அலாரத்தை நிறுத்திவைத்தால், அதன் விலை தொழிலாளரின் உயிர்.

இவற்றுக்கெல்லாம் முன்பாகச் செய்ய வேண்டியது எண்ணிக்கை. அலார அழைப்புக்குச் சென்று ஒன்றுமில்லை என்று திரும்பும் ஒவ்வொரு முறையும், நாள், நேரம், கருவியின் வகை, காரணம் ஆகிய நான்கையும் நிலையப் பதிவேட்டில் எழுதிவைத்தால், காற்றுக்காலமும் கோடையும் இதில் எவ்வளவு பங்கு வகிக்கின்றன என்பது இரண்டே ஆண்டுகளில் தெரியவரும். மூன்று என்ற எல்லை இவ்வூருக்குக் கடுமையா, தளர்வா என்பதையும் அப்போது முடிவு செய்யலாம்.